சாக்பீஸ் கோடும் பூக்களமும்



ஆவணி மாதம் வந்தால் திருவனந்தபுரத்தின் முகமே மாறிவிடும். மலையாளத்தில் அதைச் சிங்க மாதம் என்பார்கள். அந்த மாதத்தில்தான் ஓணம் வருகிறது. அத்தம் நட்சத்திரத்தன்று வீட்டு வாசலில் முதல் பூக்களம் போடுவார்கள். அன்று முதல் திருவோணம் வரை நாள்தோறும் பூக்களம் உண்டு. மகாபலி மன்னன் ஆண்டுக்கு ஒருமுறை தன் மக்களைப் பார்க்க வருகிறான் என்பது நம்பிக்கை. அவனை வரவேற்கத்தான் பூக்களம். அத்தத்தில் தொடங்குவதால் அதற்கு அத்தப்பூக்களம் என்று பெயர்.

வீட்டு வாசலில் மட்டுமா? பள்ளிக்கூடத்தில் பூக்களம். கல்லூரியில் பூக்களம். அலுவலகத்தில் பூக்களம். தெருமுனையில் பூக்களம். எங்கும் போட்டிதான். கனகக்குன்று அரண்மனைப் பக்கம் விளக்கு அலங்காரம், பாட்டு, கூத்து. அரசு நடத்தும் ஓண வாரத்தின் கடைசி நாளில் பெரிய ஊர்வலம். வெள்ளையம்பலம் பக்கமிருந்து கிழக்கே கோட்டை நோக்கி அது போகும்.

பூக்களத்தைப் பார்க்கிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள். "ஆகா, என்ன அழகு!" என்கிறார்கள். ஆனால் அந்தப் பூவுக்கு அடியில் ஒன்று இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் தெரியாது. அதுதான் சாக்பீஸ் கோடு. முதலில் தரையில் சாக்பீஸால் படம் வரைவார்கள். பிறகுதான் பூ. கோடு தப்பினால் களம் தப்பும். கணக்குத் தப்பினால் பணம் தப்பும். சில நேரம் ஒருவருடைய நல்ல பெயரே தப்பிவிடும்.

எப்படி? ஒரு கதை மூலம் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் கதை. இதில் வரும் விலைகளும் கணக்குக்காக வைத்தவைதான். ஆனால் இது போல எந்தத் தெருவிலும் நடக்கலாம்.

பத்துக் கிலோ பூ எங்கே போனது?

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு சிறு தெரு. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் தெரு. அங்கே பத்து வீட்டுப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பூக்களம் போடுவார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் பெரியக்கா என்று அழைப்பார்கள். பெரியக்கா வீட்டு வேலைக்குப் போகிறவர். சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை.

முதல் ஆண்டு அவர்கள் 5 அடிக் களம் போட்டார்கள். 5 கிலோ பூ ஆயிற்று. களம் அழகாக நிறைந்தது.

அடுத்த ஆண்டு குடியிருப்போர் சங்கம் ஒரு போட்டி வைத்தது. "பத்தடிக் களமாம்" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதை நம்பினார்கள். 5 அடிக்கு 5 கிலோ என்றால் 10 அடிக்கு 10 கிலோ. இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. பெரியக்கா அதிகாலையில் சாலைக் கடைவீதிக்குப் போய் 10 கிலோ பூ வாங்கி வந்தார்.

களம் போடத் தொடங்கினார்கள். நடுவில் நிறைந்தது. அதற்கு அடுத்த வளையமும் நிறைந்தது. பிறகு கூடையைப் பார்த்தால் பூ இல்லை! களத்தில் பாதி கூட முடியவில்லை. வெளி வளையம் முழுவதும் வெறும் சாக்பீஸ் கோடு. நடுவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள்.

அன்று மாலை ஒரு பெண் கேட்டுவிட்டார்: "பெரியக்கா, நெசமாவே பத்துக் கிலோதான் வாங்கினீங்களா?"

பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமா மக்களே, பத்துக் கிலோதான். கடைக்காரர் எடை போட்டதை நான் பார்த்தேனே" என்றார்.

"அப்போ பூ எங்கே போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பெரியக்காவிடம் பதில் இல்லை. கையில் துண்டுச் சீட்டும் இல்லை. அவர் யார் காசையும் எடுக்கவில்லை. ஆனால் அதை எப்படிக் காட்டுவது? அவர் வீட்டுக்குப் போய் அழுதார். அந்த ஆண்டு திருவோணச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

நண்பர்களே, பூ எங்கும் போகவில்லை. கணக்குதான் தப்பிப் போயிற்று. அது பெரியக்காவுக்கு ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு

அந்த ஆண்டு பெரியக்கா எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் சேர்ந்தார். கேரளத்தில் நான்காம் வகுப்புக்குச் சமமான பாடத்தை அந்த இயக்கம் பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றார். பெருக்கல் கற்றார். ஒரு நாள் பரப்பளவு பற்றிப் பாடம் வந்தது.

பலகையில் ஆசிரியர் ஒரு சதுரம் போட்டார். ஒவ்வொரு பக்கமும் 1 அடி. பக்கத்தில் இன்னொரு சதுரம் போட்டார். அதன் ஒவ்வொரு பக்கமும் 2 அடி.

"பெரிய சதுரத்துக்குள் எத்தனை சின்னச் சதுரம் அடங்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார்கள் சிலர்.

ஆசிரியர் பெரிய சதுரத்தின் நடுவில் ஒரு நெடுக்குக் கோடு போட்டார். ஒரு குறுக்குக் கோடு போட்டார். எண்ணிப் பார்த்தால் நான்கு!

பெரியக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கம் இரண்டு மடங்கு ஆனால் இடம் நான்கு மடங்கு ஆகிறது. சதுரத்துக்கு மட்டும் அல்ல. வட்டத்துக்கும் அப்படித்தான். 5 அடிக் களத்துக்கு 5 கிலோ பூ என்றால், 10 அடிக் களத்துக்கு 10 கிலோ போதாது. 20 கிலோ வேண்டும்!

வகுப்பு முடிந்ததும் ஒரு துண்டுச் சாக்பீஸை வாங்கிக்கொண்டு பெரியக்கா தெருவுக்கு வந்தார். பத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். தரையில் அதே இரண்டு சதுரங்களைப் போட்டார். அதே கேள்வியைக் கேட்டார்.

பெண்கள் எண்ணிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போன ஆண்டு கேள்வி கேட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம எல்லாரும் சேர்ந்துதான் தப்பாக் கணக்குப் போட்டோம்" என்றார் பெரியக்கா. "இந்த வருசம் முதல்ல கோடு போடுவோம். பெறகு பூ வாங்குவோம்."

விதியை வாசி

ஓணத்துக்கு முன்னால் சங்கத்தின் போட்டி அறிவிப்பு ஒட்டினார்கள். பெரியக்கா அதன் முன்னால் நின்று விரல் வைத்து வாசித்தார். மெதுவாகத்தான் வாசித்தார். ஆனால் முழுவதும் வாசித்தார்.

களத்தின் அகலம் 10 அடிக்குள் இருக்க வேண்டும். நேரம் 2 மணி. ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. பூவும் இலையும் மட்டும் பயன்படுத்த வேண்டும். சாயம் கலந்த உப்போ பொடியோ கூடாது.

"பத்தடிக்குள்" என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. பத்தடி என்று இல்லை. பத்தடிக்குள் என்று இருக்கிறது. அதாவது 5 அடியும் போடலாம். 6 அடியும் போடலாம். போன ஆண்டும் இதே விதிதான் இருந்திருக்கும். யாரும் வாசிக்கவில்லை. கேட்டதை நம்பினார்கள். ஒரு சொல் காதில் விழாமல் போனதால் ஒரு களம் பாதியில் நின்றது.

அன்றே குழு கூடியது. வீட்டுக்கு 150 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். 10 வீட்டுக்கு 1,500 ரூபாய். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பூ வரும் வழி

இந்தப் பணத்துக்குப் பூ எங்கே வாங்குவது? திருவனந்தபுரத்துக்கு வரும் பூவில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலை அடுத்து தோவாளை இருக்கிறது. அங்குள்ள பூச்சந்தை பெயர் பெற்றது. விடியும் முன்னே அங்கே வியாபாரம் சூடு பிடிக்கும். அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 80 கி.மீ. தூரம். 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. பிறகுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மாறியது. பூ வரும் வழி மாறவில்லை.

கேந்தி, வாடாமல்லி, அரளி, சம்பங்கி, கோழிக்கொண்டை, ரோஜா என்று மூட்டை மூட்டையாகச் சாலைக் கடைவீதிக்கு வந்து இறங்கும். கடந்த சில ஆண்டுகளாகக் கேரளத்திலும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஓணத்துக்காகப் பூ பயிரிடுகின்றன.

எவ்வளவு வந்தாலும் ஓண நாட்களில் பூ விலை ஏறிவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள் அல்லவா? மழை பெய்தால் பூ அழுகும். விலை இன்னும் ஏறும். அதனால்தான் எவ்வளவு பூ தேவை என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கூட வாங்கினால் பணம் வீண். குறைய வாங்கினால் களம் வீண்.

ஒரு சதுர அடிக்கு எவ்வளவு?

பெரியக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அத்தம் முதல் நாள்தோறும் வாசலில் சின்னக் களம் போடுகிறோம் அல்லவா? அதையே சோதனையாக வைத்துக்கொண்டார்.

சாக்பீஸால் 1 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள ஒரு சதுரம் போட்டார். கேந்திப் பூவின் காம்பைக் கிள்ளினார். இதழை உதிர்த்தார். சதுரம் நிறையும் வரை பரப்பினார். தரை தெரியாத அளவுக்குப் பரப்பக் கால் கிலோப் பூ ஆயிற்று. மறுநாள் வாடாமல்லியை வைத்துப் பார்த்தார். அதற்கும் ஏறக்குறைய கால் கிலோதான். ரோஜாவுக்கும் அவ்வளவே வைத்துக்கொண்டார்.

எல்லா ஊரிலும் கால் கிலோ என்று நினைக்க வேண்டாம். சிலர் அடர்த்தியாகப் பரப்புவார்கள். சிலர் மெல்லியதாகப் பரப்புவார்கள். காம்போடு எடை போட்டால் ஒரு கணக்கு. இதழை மட்டும் எடை போட்டால் வேறு கணக்கு. அவரவர் கையால் ஒரு சதுர அடி பரப்பிப் பார்க்க வேண்டும். அதுதான் சரியான கணக்கு.

ஒன்று, மூன்று, ஐந்து

இனி படம். பெரியக்காவின் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் கட்டம் போட்ட நோட்டுத் தாளில் படம் வரைந்தாள். ஒரு கட்டம் என்றால் அரை அடி என்று வைத்துக்கொண்டாள். தாளில் 12 கட்டம் என்றால் தரையில் 6 அடி.

களத்தின் அகலம் 6 அடி. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். நடுப்புள்ளியிலிருந்து முதல் வட்டத்துக்கு 1 அடி. இரண்டாம் வட்டத்துக்கு 2 அடி. மூன்றாம் வட்டத்துக்கு 3 அடி.

பேத்தி கேட்டாள்: "பாட்டி, வெளி வளையத்துல ரோஜா வைப்போமா? தூரத்துல இருந்து பாத்தாலே பளிச்சுன்னு தெரியும்."

"இரு மக்களே, கணக்குப் போட்டுப் பாப்போம்" என்றார் பெரியக்கா.

வட்டத்தின் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நடுவிலிருந்து ஓரம் வரை எத்தனை அடி என்று பாருங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை 3.14 ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

முதல் வட்டம்: 1 பெருக்கல் 1, பெருக்கல் 3.14. விடை 3.14 சதுர அடி.

இரண்டாம் வட்டம் வரை: 2 பெருக்கல் 2, பெருக்கல் 3.14. விடை 12.56. இதில் நடு வட்டத்தைக் கழித்தால் நடு வளையம் 9.42 சதுர அடி.

மூன்றாம் வட்டம் வரை: 3 பெருக்கல் 3, பெருக்கல் 3.14. விடை 28.26. இதில் 12.56 ஐக் கழித்தால் வெளி வளையம் 15.70 சதுர அடி.

மூன்று எண்களையும் பாருங்கள். நடு வட்டம் ஒரு பங்கு. நடு வளையம் மூன்று பங்கு. வெளி வளையம் ஐந்து பங்கு! மூன்றுக்கும் அகலம் ஒரே 1 அடிதான். ஆனால் வெளியே போகப் போக இடம் பெருகுகிறது. போன ஆண்டு வெளி வளையம் ஏன் வெறுமையாக நின்றது என்பது இப்போது புரிகிறதா?

ஆகவே விலை கூடிய பூ உள்ளே. விலை குறைந்த பூ வெளியே. இதுதான் பெரியக்கா சொன்ன முடிவு.

நடு வட்டத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோ ரோஜா வாங்கினால் போதும். விலை 300 ரூபாய். நடு வளையத்துக்கு இரண்டரைக் கிலோ வாடாமல்லி. கிலோ 160 ரூபாய். மொத்தம் 400. வெளி வளையத்துக்கு 4 கிலோ கேந்தி. கிலோ 100 ரூபாய். மொத்தம் 400. ஆகப் பூவுக்கு 1,100 ரூபாய். சாக்பீஸுக்கும் சணல் கயிற்றுக்கும் 50. ஆட்டோவுக்கு 100. கூட்டினால் 1,250. கையில் 250 மிச்சம். விலை ஏறினால் அதற்கு அது.

ரோஜாவை வெளியே வைத்திருந்தால்? 4 கிலோ ரோஜாவுக்கு மட்டும் 1,200 ரூபாய். நடு வளையத்துக்கு 400. உள்ளே வைக்கும் கேந்திக்கு 100. பூவுக்கே 1,700 ஆகியிருக்கும். கையில் இருப்பதோ 1,500.

பேத்தி சிரித்தாள். "சரி பாட்டி, ரோஜா உள்ளேயே இருக்கட்டும்" என்றாள்.

தரையைத் தயார் செய்

போட்டி நாள் வந்தது. குழு காலையில் எழுந்தது. பெரியக்காவும் இன்னொரு பெண்ணும் பூ வாங்கப் போனார்கள். இந்த முறை இரண்டு பேர். விலையைக் கேட்டு நோட்டில் எழுதினார்கள். எடையை எழுதினார்கள். துண்டுச் சீட்டை வாங்கி நோட்டுக்குள் வைத்தார்கள்.

மற்றவர்கள் தரையைத் தயார் செய்தார்கள். அந்தக் காலத்தில் மண் தரையைச் சாணத்தால் மெழுகிக் களம் போடுவார்கள். இப்போது சிமென்ட் தரை. அதைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நன்றாகக் காய விட்டார்கள். ஈரத் தரையில் சாக்பீஸ் எழுதாது. தூசித் தரையில் எழுதினால் கோடு தூசியோடு போய்விடும்.

சிமென்ட் தரையில் ஆணி அடிக்க முடியாது. ஆகவே நடுப்புள்ளியில் ஒரு கம்பை நட்டமாக வைத்து ஒருவர் அழுத்திப் பிடித்தார். கயிற்றின் ஒரு முனையைக் கம்பில் மாட்டினார்கள். இறுக்கிக் கட்டவில்லை. வளையமாக விட்டார்கள். ஏன்? இறுக்கிக் கட்டினால் சுற்றும்போது கயிறு கம்பில் சுற்றிக்கொள்ளும். கயிறு குறையும். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது.

மறு முனையில் சாக்பீஸ். கம்பிலிருந்து சாக்பீஸ் முனை வரை சரியாக 1 அடி. அளந்து பார்த்தார்கள். கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்து ஒரு சுற்று. முதல் வட்டம் வந்தது. கயிற்றை 2 அடியாக நீட்டி இரண்டாம் வட்டம். 3 அடியாக நீட்டி மூன்றாம் வட்டம். ரப்பர் போல நீளும் கயிறு கூடாது. சணல் கயிறு நல்லது.

இனி நடுவில் ஆறு இதழ் பூ. இதற்கு அளவுகோல் வேண்டாம். முதல் வட்டம் போட்ட அதே 1 அடிக் கயிறு போதும். வட்டத்தின் ஓரத்தில் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். அங்கிருந்து 1 அடி தள்ளி வட்டத்தின் மேலேயே அடுத்த புள்ளி. அங்கிருந்து 1 அடி தள்ளி அடுத்தது. இப்படியே போனால் ஆறாவது தடவை தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். கூடவும் கூடாது. குறையவும் குறையாது.

இப்போது கம்பை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்து, அதே 1 அடிக் கயிற்றால் வட்டத்துக்குள் ஒரு வளைவு போட்டார்கள். ஆறு வளைவு போட்டதும் ஆறு இதழ் பூ விரிந்தது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கடைசியாக ஒரு வேலை. சாக்பீஸைத் தண்ணீரில் தோய்த்துக் கோட்டின் மேலேயே ஒருமுறை வரைந்தார்கள். காய்ந்ததும் கோடு பளிச்சென்று தெரிந்தது. காற்றில் பறக்கவில்லை. கை பட்டும் எளிதில் அழியவில்லை.

நடுவிலிருந்து வெளியே

பூ வந்து சேர்ந்தது. விலை ஏறித்தான் இருந்தது. ரோஜா 320. வாடாமல்லி கிலோ 180. கேந்தி கிலோ 120. பூவுக்கு மொத்தம் 1,250 ஆயிற்று. பெரியக்கா பதறவில்லை. மிச்சம் வைத்த பணம் இருந்தது.

ஐந்து பேர் இதழ் உதிர்த்தார்கள். மூன்று பேர் பரப்பினார்கள். ஒருவர் படத்தாளைப் பார்த்து நிறம் சொன்னார். ஒருவர் நேரம் பார்த்தார். நடுவிலிருந்து வெளியே வந்தார்கள். வெளியிலிருந்து உள்ளே போனால் போட்ட பூவை மிதிக்க வேண்டி வரும்.

ஆறு இதழுக்குள் ரோஜா. இதழ்களுக்கு இடையே தோட்டத்தில் பறித்த தும்பைப் பூவும் இலையும். ஓணத்தில் தும்பைக்குத் தனி மதிப்பு உண்டு. சின்னப் பூதான். ஆனால் மகாபலிக்குப் பிடித்த பூ என்பார்கள். பிறகு வாடாமல்லி. கடைசியில் கேந்தி.

கேந்தி போடும்போது எல்லார் கண்ணும் கூடையின் மேலேயே இருந்தது. போன ஆண்டு நினைவு வந்தது. யாரும் பேசவில்லை. முக்கால் வளையம் முடிந்தது. கூடையில் பூ இருந்தது. இன்னும் ஒரு முழம் இருந்தது. கூடையில் பூ இருந்தது. கடைசிக் கோடும் பூவுக்குள் மறைந்தது. கூடையின் அடியில் இன்னும் ஒரு கைப்பிடிப் பூ!

முதல் பரிசு வேறு தெருவுக்குப் போனது. அவர்கள் பெரிய களம் போட்டிருந்தார்கள். அது நன்றாகவும் இருந்தது. ஆனால் கரமனைத் தெருப் பெண்கள் வருத்தப்படவில்லை.

மாலையில் பெரியக்கா நோட்டைத் திறந்து கணக்கு வாசித்தார். பூ 1,250. சாக்பீஸ், கயிறு 50. ஆட்டோ 100. மொத்தம் 1,400. வரவு 1,500. மிச்சம் 100. துண்டுச் சீட்டை எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வீட்டுக்கு 10 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.

போன ஆண்டு கேள்வி கேட்ட பெண்ணும் 10 ரூபாயை வாங்கிக்கொண்டார். பெரியக்காவின் கையை விடவில்லை. "அக்கா, போன வருசம் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"கேட்டது தப்பில்ல மக்களே" என்றார் பெரியக்கா. "பொதுப் பணம்னா கேக்கணும். அன்னைக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியல. இன்னைக்குத் தெரியுது."

மற்ற ஊர்களில்

தரையில் படம் வரைவது கேரளத்தில் மட்டும் இல்லை. சென்னை மயிலாப்பூரில் ஜனவரி மாதம் மயிலாப்பூர் விழா நடக்கிறது. அப்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி வைக்கிறார்கள். வண்டி ஓடும் தெரு அன்று கோலம் போடும் தெருவாகிவிடும். கோலத்துக்குப் புள்ளிதான் கணக்கு. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் கோடு வந்து சேராது. நம் பாட்டிமார் எழுதப் படிக்கத் தெரியாமலே இந்தக் கணக்கைக் கைவிரலில் வைத்திருந்தார்கள்.

கேரளத்தில் களமெழுத்து என்ற பழைய கலை உண்டு. அரிசி மாவு வெள்ளை. மஞ்சள் பொடி மஞ்சள். இலைப் பொடி பச்சை. உமிக்கரி கருப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பு. இந்த ஐந்து நிறத்தால் தரையில் தெய்வ உருவம் எழுதுவார்கள். பூசை முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

கடல் கடந்து இத்தாலி நாட்டிலும் இது உண்டு. அங்கே கிராத்சியே என்று ஒரு சிற்றூர். 1973 முதல் ஆகஸ்ட் 15 விழாவை ஒட்டி அங்கே தெரு ஓவியர்கள் கூடுகிறார்கள். கோவில் முன்னால் உள்ள தரையில் வண்ணச் சாக்பீஸால் படம் வரைகிறார்கள். மாதா படம் வரைந்து பிழைத்த பழைய தெரு ஓவியர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். ஒரு பெரிய மழை போதும், படம் கரைந்துவிடும். தெரிந்தேதான் வரைகிறார்கள்.

பூக்களமும் அப்படித்தான். காலையில் போட்ட பூ மாலையில் வாடும். மறுநாள் துடைப்பத்தால் பெருக்கிவிடுவார்கள். சாக்பீஸ் கோட்டையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். ஆனால் கற்ற கணக்கு அழியாது. பெரியக்காவின் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கயிறு இருக்கும். ஒரு துண்டுச் சாக்பீஸ் இருக்கும். இன்று மாலை வாசலில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அதே கயிற்றால் ஓரத்தில் ஆறு புள்ளி வையுங்கள். தொடங்கிய இடத்துக்குக் கோடு வந்து சேருகிறதா என்று பாருங்கள். பிறகு கயிற்றை இரண்டு மடங்கு நீட்டி இன்னொரு வட்டம் போடுங்கள். எத்தனை மடங்கு இடம் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அவர் "ரெண்டு" என்றால், இரண்டு சதுரம் போட்டுக் காட்டுங்கள்.